அரை நாள் வேலைதானே?

“இதென்ன, அரை நாள் வேலைதானே?”

வீட்டுக்கு மரவேலை செய்ய வருகிறவரிடம் நம்மைப் போன்றவர்கள் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுதான். கூலி பேசும்போது ஒரு தடவை, வேலை மறுநாளைக்கு நீளும்போது ஒரு தடவை, கடைசியில் பணம் எண்ணிக் கொடுக்கும்போது ஒரு தடவை. சொல்கிறவர் வாழ்நாளில் ஒரு பலகையை நேராக அறுத்துப் பார்த்தவராக இருக்க மாட்டார். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவராக இருப்பார். அறுக்கத் தெரியாதவர் அறுக்கத் தெரிந்தவருக்கு நேரக்கணக்கு சொல்கிறார். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு “பாத்துக் குடுங்க சார்” என்கிறார். இதில் இருக்கும் அநியாயம் நமக்கு உறைப்பதே இல்லை.

நான் சொல்ல வருவது சின்ன விஷயம்தான். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிற ஒவ்வொருவரும் ஒரு மரச்சாமானையாவது தன் கையால் செய்து பார்க்க வேண்டும். ஒரு ஸ்டூல் போதும். மன அமைதி கிடைக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, அதற்கு வேறு வழிகள் உண்டு. காசு மிச்சமாகும் என்பதற்காகவும் இல்லை, நிச்சயம் ஆகாது. “அரை நாள் வேலைதானே” என்று சொல்லும் தைரியம் நம்மை விட்டுப் போக வேண்டும். எனக்குத் தெரிந்து அதற்கு வேறு மருந்து கிடையாது.

*

முதலில், இந்தப் பேச்சைச் சுற்றி மொய்த்திருக்கும் ரொமான்ஸை விரட்ட வேண்டியிருக்கிறது.

கொரோனாவுக்குப் பிறகு நம் தலைமுறையில் பலருக்கு மரத்தின் மேல் காதல் வந்துவிட்டது. ஜப்பானிய ரம்பம், எப்பாக்ஸி ஊற்றிய மேசை, பின்னணியில் பியானோ, சுருள் சுருளாக விழும் மரச்சீவல். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீடியோவில் வியர்வை கிடையாது, தும்மல் கிடையாது, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து சத்தம் போடுவது கிடையாது. “கையால் செய்வது மனதை ஆற்றுகிறது” என்று கீழே ஒரு வரி வேறு. மாசம் 26 நாள் இதையே செய்கிறவரைக் கேட்டால் முதுகுவலியைப் பற்றித்தான் சொல்வார்.

தன் கையால் செய்துகொள்வதன் குலதெய்வம் தோரோ. 1845இல் வால்டன் குளக்கரையில் கட்டிய குடிசைக்கு 28 டாலர் 12½ சென்ட் ஆனது என்று அவர் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதி வைத்தார். அந்தப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்திருக்கிற பலர், பலகைகள் எங்கிருந்து வந்தன என்ற இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். பெரும்பாலானவை ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ் ரயில்பாதைத் தொழிலாளியின் குடிசையைப் பிரித்து எடுத்தவை. விலை 4 டாலர் 25 சென்ட். பேரம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் அந்தக் குடும்பம் மூட்டை முடிச்சோடு தெருவில் போனது. தோரோ இதை ஒளிக்கவில்லை, அவரேதான் எழுதியிருக்கிறார். ஒளிக்காததைப் பார்க்காமல் போனது நாம். தனியாக, சுயமாக, யார் தயவும் இல்லாமல் என்று பாடப்படும் வீட்டின் சுவரில் இருந்தது ஒரு கூலிக்காரரின் வீடு.

ரொமான்ஸின் இன்னொரு முகத்தை அளந்தே காட்டியிருக்கிறார்கள். மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சான், டான் ஏரியலி ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வின் பெயர் ‘ஐகியா விளைவு’. பெட்டியைத் தாங்களே பூட்டிச் சேர்த்தவர்கள், சேர்த்துவைத்த அதே பெட்டியைப் பெற்றவர்களைவிட அதிக விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். காகிதக் கொக்கு மடித்த கற்றுக்குட்டிகள், தேர்ந்தவர்கள் மடித்ததற்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தங்கள் கொக்கை மதித்தார்கள். நம் உழைப்பு பட்டதும் பொருளின் விலை நம் கண்ணில் ஏறிவிடுகிறது. எல்லாரும் இதைச் சிரித்துக்கொண்டே மேற்கோள் காட்டுவார்கள். அதே கண் அடுத்தவர் உழைப்பைப் பார்க்கும்போது என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் செய்த கோணல் ஸ்டூலுக்கு நூறு லைக். அவர் செய்த நேரான அலமாரிக்கு ஐந்நூறு ரூபாய் குறைப்பு.

*

சரி, ஸ்டூலுக்கு வருவோம். செய்து பார்த்தால் என்னதான் தெரியும்?

முதலில் மரவாடிக்குப் போக வேண்டும். அங்கே மரம் கன அடியில் விற்கும். அடியில் நீளம், அங்குலத்தில் அகலம், அங்குலத்தில் கனம் மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. 6 அடி நீளம், 6 அங்குல அகலம், 2 அங்குலக் கனமுள்ள பலகை அரை கன அடி. மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். நீங்கள் போனை எடுத்துக் கால்குலேட்டரைத் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிருப்பார்கள்.

வாங்கிய மரம் முழுக்க ஸ்டூல் ஆகாது. ரம்பத்தின் வாய் ஒவ்வொரு அறுப்பிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தூளாக்கும். இழைப்புளி ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் சீவும். முடிச்சு இருக்கிற இடத்தை ஒதுக்க வேண்டும், வெடிப்பு இருக்கிற நுனியை வெட்ட வேண்டும். “மரத்துல பாதிய வீணாக்கிட்டான்” என்று நாம் திட்டிய மிச்சக் கட்டைகளெல்லாம் இப்போது நம் பால்கனியிலும் குவியும்.

அடுத்து, மரம் அசையும். வெட்டி எத்தனை வருடமானாலும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், கக்கும். நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில் விரியும், சுருங்கும். ஐப்பசி மழையில் கதவு இறுகிக்கொள்வது இதனால்தான். அகலமான இருக்கைப் பலகையைச் சட்டத்தோடு அசையவிடாமல் ஒட்டித் திருகி வைத்தால் கோடையில் நடுவில் பிளந்துகொள்ளும். தெரிந்தவர்கள் திருகு நகரக் கொஞ்சம் இடம் விட்டுத் துளை போடுவார்கள். அது கவனக்குறைவு என்று நினைத்து ‘டைட்டா போடுங்கண்ணே’ என்று சொல்கிற ஆள்தான் நாம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. நாலு கால், அவற்றை இணைக்க நாலு சட்டம். ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு முனை, ஆக எட்டு இணைப்பு. ஒவ்வொன்றிலும் காலில் ஒரு துளை, சட்டத்தில் ஒரு கழுந்து. ஒவ்வொரு கழுந்துக்கும் நாலு முகம். எட்டு துளை, 32 முகம், அத்தனையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நம் ஊர் தச்சுவேலையில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக்கு ‘நூல்’ என்று பெயர். ஸ்டூலைப் பொறுத்தவரை ஒரு நூல் என்பது ரொம்பப் பெரிய அளவு. அரை நூல் கூடினால் கழுந்து இறங்காது. அரை நூல் குறைந்தால் லொடலொடக்கும். இதில் கன்ட்ரோல்-இஸட் கிடையாது.

முதன்முதலாக உளி பிடிக்கிறவருக்கு ஒரு துளையும் அதற்கேற்ற கழுந்தும் பொருந்தி உட்கார ஒன்றரை மணி நேரமாவது ஆகும். எட்டுக்கு 12 மணி நேரம். நடுவில் உளி மழுங்கும், தீட்ட வேண்டும். தீட்டுவதே ஒரு தனி வித்தை. தச்சர் காலையில் வந்ததும் முக்கால் மணி நேரம் கல்லில் உளியைத் தேய்த்துக்கொண்டிருப்பார், நாம் ஜன்னல் வழியே பார்த்து “இன்னும் வேலையே ஆரம்பிக்கலையே” என்போம். அந்த முக்கால் மணி நேரம்தான் மீதி ஏழு மணி நேரத்தை ஓட்டுகிறது.

பிறகு மூலைக்கு மூலை அளந்து இரண்டு அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பசை போட வேண்டும். உப்புத்தாள் மூன்று ரகத்தில் தேய்க்க வேண்டும், அதுவும் ரேகை போகும் திசையில். கடைசியில் தரையில் வைத்தால் ஆடும். மூன்று கால் எந்தத் தரையிலும் நிற்கும், மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமைந்துவிடும் என்று வடிவியலில் படித்திருக்கிறோம். நாலாவது கால் வந்ததும் ஒரு மாலைப்பொழுது போய்விடும். ஒரு காலைக் குறைத்து, இன்னொன்றைக் குறைத்து, பக்கத்துக் காலைச் சீவி…

இப்போது சொல்லுங்கள், எத்தனை அரை நாள்?

*

பொறியியல் படித்தவர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் மரவேலை உண்டு. டி-இணைப்பு, புறாவால் இணைப்பு, துளையும் கழுந்தும். எங்கள் கல்லூரியில் பாதிப் பேரின் கட்டைகளை அறுத்துச் சரிசெய்து கொடுத்தவர் ஒர்க்‌ஷாப் உதவியாளர். வாரம் மூன்று மணி நேரம், ஒரு செமஸ்டர், தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண். கட்டையைச் செய்தவருக்கு அல்ல, கட்டைக்கு. வகுப்பெடுத்தவரை ‘சார்’ என்றோம், அறுக்கத் தெரிந்தவரை ‘அண்ணா’ என்றோம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்த வித்தியாசம் எங்கள் எல்லார் வாயிலும் சரியாக வந்தது. நாலு வருடப் படிப்பில் மிக நன்றாகக் கற்றுக்கொண்ட பாடம் அதுதான் என்று தோன்றுகிறது.

அப்படிப் படித்து வந்த நாம் என்ன வேலை பார்க்கிறோம்? நான் மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் துறையில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றக்கூட ‘எஸ்டிமேட்’ உண்டு. ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் சொல்வோம். அதன்மேல் ‘பஃபர்’. வாடிக்கையாளர் நடுவில் மனசு மாறினால் ‘சேஞ்ச் ரிக்வெஸ்ட்’, அதற்குத் தனிப் பணம். தாமதமானால் பழைய கோட் சரியில்லை என்போம், கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். இதெல்லாம் நியாயமான ஏற்பாடுகள்தான். வேலை செய்கிறவருக்குத்தான் வேலையின் அளவு தெரியும் என்ற நியாயத்தின் மேல் நிற்பவை.

எங்கள் குடியிருப்பில் பக்கத்து வீட்டில் அலமாரி வேலை நடந்தது. வீட்டுக்காரரும் என் துறைதான். மூன்றாம் நாள் காலை வாசலில் நடந்த பேச்சு இது.

“என்னண்ணே, ஒரு கப்போர்டுக்கு மூணாவது நாளா?”

“சுவரு தூக்குல இல்ல சார். மேல முக்கா இஞ்சு சாயுது. அதுக்கு ஏத்த மாதிரி சட்டத்த இழைச்சுக் கொண்டாரணும்.”

“அதெல்லாம் மொத நாளே பாத்திருக்க வேணாமா? பேசுன காசுதான் தருவேன்.”

“சரிங்க சார்.”

அடுக்குமாடி கட்டியவர் சுவரைச் சாய்வாக எழுப்பினார். அதற்கான தண்டத்தைச் சம்பளம் இல்லாத ஒரு நாளாகக் கட்டியவர் தச்சர். வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. டீ வாங்கிக்கொடுத்தார், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். ஆனால் தன் அலுவலகத்தில் தினமும் தனக்காக எழுப்பும் ஒரு நியாயம் இந்த வாசலிலும் செல்லுபடியாகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் போனை எடுத்து, வீட்டுக்கு மரவேலை செய்தவரின் எண்ணை என்ன பெயரில் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ‘கார்பென்டர் வேளச்சேரி’யாக இருக்கும், அல்லது ‘ஆசாரி நியூ’வாக இருக்கும்.

*

இங்கே இரண்டு மறுப்புகள் வரும்.

முதலாவது: “என் ஒரு மணி நேரத்துக்கு ஆபீஸ்ல இவ்வளவு குடுக்கிறாங்க. நான் உட்கார்ந்து ஸ்டூல் செய்யறது நஷ்டம்.” கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கு ஒரு விஷயத்தைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறது: உங்கள் மணிக்கு அந்த விலை, அவர் மணிக்கு இந்த விலை என்பது இயற்கையின் ஏற்பாடு போல. உளி தீட்டக் கற்க எடுக்கும் வருடங்கள் ஜாவா கற்க எடுக்கும் வருடங்களைவிடக் குறைவில்லை. கையால் செய்கிற வேலை தாழ்ந்தது என்று நூற்றாண்டுகளாகப் படிநிலை கட்டி வைத்த ஒரு சமூகம் போட்ட விலை அது. அந்த விலையை வைத்தே அந்த வேலையைத் தொட மாட்டேன் என்று வாதாடுவது, படிநிலைக்கு இன்னொரு முட்டுக்கொடுப்பது.

இரண்டாவது மறுப்பு கனமானது. “கைத்தொழில் கத்துக்கங்கன்னு தமிழ்நாட்டுல பேசறதுக்கு முன்னாடி 1953ஐ ஞாபகம் வச்சுக்குங்க.” வைத்திருக்கிறேன். அந்த வருடம் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி நேரம் மூன்று மணி நேரமாகக் குறைந்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. எழுபது வருடம் கழித்து, 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சும் உண்டு. குடும்பத்தொழில் என்ற நிபந்தனையையும் 18 வயதுத் தகுதியையும் எதிர்த்த தமிழ்நாடு அரசு, இப்போதுள்ள வடிவில் அதைச் செயல்படுத்த மாட்டோம் என்று 2024இல் சொன்னது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நான் சொல்வது அதன் எதிர்த்திசை. குலக்கல்வி யார் பிள்ளை என்று பார்த்துக் கையில் உளியைக் கொடுத்தது. ஆசாரி வீட்டுப் பிள்ளை உளியைக் கீழே வைக்க உரிமை வேண்டும், அதற்காகத்தான் அந்தப் போராட்டம், அது பெருமளவு வென்றது. ஆனால் பாதிதான் வென்றது. அந்த வீட்டிலிருந்து பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். மற்ற வீடுகளிலிருந்து யாரும் பட்டறைக்குப் போகவில்லை. பெண்களுக்குப் பட்டறை வாசல் இன்றைக்கும் அநேகமாக மூடித்தான் கிடக்கிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களைப் பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936லேயே வாதிட்டார். அந்தப் பிரிவினையை மேலிருந்து கீழாகவும் யாராவது தாண்ட வேண்டும்.

சனிக்கிழமை ஸ்டூல் செய்தால் சாதி ஒழியும் என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைத்தால் அது இன்னொரு ரொமான்ஸ். திங்கட்கிழமை உளியை வைத்துவிட்டு ஏசி அறைக்குப் போகிற வசதி நமக்கு இருக்கிறது. அந்த வசதி இல்லாதவரின் வேலையை அளக்க நமக்கு ஒரு சொந்த அளவுகோல் கிடைக்கும். அவ்வளவுதான் கிடைக்கும். அதுகூட இப்போது நம்மிடம் இல்லை.

*

இதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரி. 1974இல் மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி என்று 19 மரச்சாமான்களின் வரைபடங்களை அவர் வெளியிட்டார். சாதாரணப் பலகை, ஆணி, சுத்தியல், ரம்பம் போதும். தபால் செலவை அனுப்பியவர்களுக்கு வரைபடங்கள் இலவசம். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் மட்டும் கூடாது. மலிவாகச் சாமான் சேர்க்க இவர் வழி சொல்கிறார் என்று பலர் நினைத்தார்கள். கிராமிய அழகு திரும்பிவிட்டது என்று சிலர் பூரித்தார்கள். மாரிக்கு இரண்டுமே எரிச்சல். ஒரு தடவை கையால் செய்தவர் அடுத்த தடவை கடையில் ஒரு நாற்காலியைப் பார்க்கும்போது அது எப்படி நிற்கிறது, எங்கே ஏமாற்றுகிறது என்று கேட்பார் என்பதே அவர் எண்ணம். நாற்காலி அவருக்கு ஒரு சாக்கு.

நானும் அதையேதான் கேட்கிறேன், கூடவே ஒன்றைச் சேர்த்து: நாற்காலியைப் பார்த்தால் மட்டும் போதாது, நாற்காலி செய்தவரையும் பார்க்க வேண்டும்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு: தேக்கு வேண்டாம், விலையைப் பார்த்தே கை நடுங்கும். இடித்த வீடுகளின் பழைய நிலை, சட்டங்கள் விற்கும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. பல வருடம் காய்ந்த மரம், முறுக்கிக்கொள்ளாது. உள்ளே ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மூலமட்டம், டேப், ஒரு ரம்பம், அரை அங்குலமும் ஒரு அங்குலமுமாக இரண்டு உளி, ஒரு கொட்டாப்புளி, ஒரு இழைப்புளி, தீட்ட ஒரு கல். மெஷின் எதுவும் முதலில் வாங்காதீர்கள். 18 அங்குல உயரத்தில் ஒரு ஸ்டூல். முகத்துக்கு மாஸ்க் கட்டாயம், மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. இதையும் பட்டறையில் யாரும் யாருக்கும் வாங்கிக் கொடுப்பதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மரவாடிக்குப் போய்வந்தது, உளி தீட்டியது, கோடு போட்டது, அறுத்தது, தேய்த்தது, தூள் கூட்டியது, எல்லாவற்றுக்கும் ஆன நேரத்தை எழுதுங்கள். கடைசியில் கூட்டுங்கள். தேர்ந்த தச்சர் இதில் கால்வாசி நேரத்தில் முடித்துவிடுவார் என்று தோன்றும், உண்மைதான். அந்த வேகத்துக்குப் பின்னால் இருபது வருடம் இருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் கூலி. ஸ்டூலின் படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், லைக் வரட்டும். கீழே மணிக்கணக்கையும் எழுதுங்கள்.

அடுத்த முறை வீட்டில் மரவேலை வரும்போது போனில் அவர் பெயரை முழுசாகச் சேருங்கள். “எத்தனை நாள் ஆகும்?” என்று கேளுங்கள். அவர் சொல்கிற நாளோடு ஒரு நாள் நீங்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், நம் துறையில் அதற்குப் பெயர் பஃபர். அறுத்த பிறகு மனசு மாறினால் மாற்றுங்கள், மாற்றத்துக்குத் தனியாகக் காசு கொடுங்கள். சுவர் சாய்ந்திருந்தால் அந்த நாளுக்கும் கொடுங்கள். அவர் உளி தீட்டிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். கையைப் பாருங்கள்.